மூன்றாவது போல்ட்

செம்புத் தண்ணீரை அண்ணனின் நெஞ்சில் ஊற்றும்போதுதான் அசோகன் அந்த நகங்களைப் பார்த்தான். இளஞ்சிவப்பாக இருந்தன. கலியபெருமாள் இருபது வருடம் உப்பளத்தில் நின்ற ஆள். உயிரோடு இருந்தவரை அவன் நகங்கள் உப்பு அரித்து, மஞ்சள் பூத்து, வெடித்துத்தான் கிடக்கும். நேற்றுக் காலை செத்தவனின் உதடு வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது.

"தூங்குற மாதிரியே இருக்குது பாருங்களேன்," என்றாள் அண்ணி பொன்னி. "மொகத்துல ரத்தம் ஓடுது. டாக்டரு நல்லாத்தான் பாத்தாரா?"

"மாரடைப்புல போனா அப்பிடித்தாம்மா இருக்கும்," என்றார் சுப்ராயன். பங்காளி முறையில் பெரியப்பா. ஊரில் எந்தச் சாவு என்றாலும் முன்னால் நின்று சடங்கு செய்விக்கிறவர். "ஊத்துடா. மழ வலுக்கறதுக்குள்ள எடுக்கணும்."

அசோகன் ஊற்றினான். 

அந்தச் சிவப்பு அவனுக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிட்டு, அந்தப் புகையிலேயே செத்த ஒருவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். அவன் உதடும் இப்படித்தான் இருந்தது.

வாசலில், சாமியானாவுக்கு வெளியே, அண்ணனின் வெள்ளை மாருதி நின்றது. மெட்ராஸில் வாங்கிய ஒன்பது வருடப் பழைய வண்டி. போன மாதம் பாலம் ஏற முடியாமல் முக்கியது. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில், புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் அடைத்துப்போயிருந்தது. தட்டினால் உள்ளே உடைந்த ஓடுபோலக் கலகலத்தது. நானே மாத்தித் தர்றேன் என்று அசோகன்தான் சொன்னான். மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய், வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கிவந்தான். உப்புக்காற்றில் போல்ட்டுகள் இறுகிக் கிடந்தன. மூன்றில் ஒன்று ஸ்பேனர் வைத்ததும் கழுத்தோடு முறிந்தது. இணைப்பில் வைக்கிற கேஸ்கெட் கையோடு உதிர்ந்தது. இரண்டு போல்ட்டை மட்டும் போட்டு, கேஸ்கெட் இருந்த இடத்தில் பேஸ்ட்டைப் பூசி, மூன்றாவது ஓட்டையில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டான். இரண்டு நாளில் ஒழுங்காகப் போட்டுவிடலாம் என்றிருந்தான். மூன்று வாரம் ஆகிவிட்டது.

டிரைவர் காலடியிலும் ஓர் ஓட்டை இருந்தது. கலியபெருமாள் உப்பு மூட்டையை வண்டியிலேயே போட்டுக்கொண்டு வருவான். மூட்டையிலிருந்து கசிந்த தண்ணீர் காலடியில் போட்ட ரப்பர் மேட்டுக்கு அடியில் தேங்கித் தகரத்தைத் தின்றுவிட்டது. உப்பளத்துக்காரர்கள் வண்டி எல்லாம் அப்படித்தான். அசோகன் மேட்டை அதன்மேல் இழுத்து மூடினான்.

"வண்டியில உக்காந்தா தல வலிக்குதுடா," என்று அண்ணன் போன வாரம் சொன்னான்.

"மழையில நனைஞ்சிருப்ப. தைலம் தேய்," என்றான் இவன்.

நேற்று, உப்பு அம்பாரத்தின்மேல் ஆட்கள் பனை ஓலை மூடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் வரப்பில் வண்டியை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். மழை இரண்டு மணி நேரம் பெய்தது. வேலை முடிந்து, உப்பளத்தில் கூலிக்கு வரும் ஆண்டாள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள்.

சொன்னால் போலீஸ் வரும். உடம்பை அறுப்பார்கள். அண்ணி இவனைப் பார்ப்பாள். அசோகனால் அந்தப் பார்வையைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளிக் குடம் தூக்க வேண்டும். தலையை மழித்து, தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கொடுத்தார்கள்.

"மடியில என்னடா?" என்றார் சுப்ராயன். "கொள்ளி வெக்கறவன் எதையும் முடிஞ்சி வெச்சிக்கக் கூடாது. எடு."

கார் சாவி. குளிப்பாட்டி முடித்ததும் ஆணியிலிருந்து எடுத்தவன், புது வேட்டி மடியிலும் அதை முடிந்துகொண்டிருந்தான். அக்கா வினோதினியின் புருஷன் பலராமன் கையை நீட்டினார். அசோகன் சாவியை விடாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வண்டிய எடுக்காதீங்க."

"ஏன் மச்சான்?"

சுற்றிலும் ஆட்கள். "பிரேக் சரியில்ல," என்றான்.

"சரி," என்று அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுடுகாட்டில் குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. வாளியால் இறைத்துவிட்டு இறக்கினார்கள். பலராமனுக்கு நடுவில் போன் வந்தது. அவர் போவதை அசோகன் கவனிக்கவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி, குடத்தைத் தோளுக்குப் பின்னால் போட்டான். உடைந்தது.

"அப்பிடியே நட. திரும்பிப் பாக்காத," என்றார் சுப்ராயன்.

நாலு அடி வைத்திருப்பான். முதுகுக்குப் பின்னால், ரோட்டில், அந்தச் சத்தம் கேட்டது. பட்பட்டென்று, இணைப்பில் காற்று பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். அவன் பூசிய பேஸ்ட் உதிர்ந்த சத்தம். உப்பளத்துப் பக்கம் போய்த் தேய்ந்தது.

"பெரியப்பா, அது…"

"திரும்பாதன்னு சொன்னேன்ல."

வேறு ஏதாவது வண்டியாக இருக்கும். நூறு வண்டி அப்படிச் சத்தம் போடும். அதையே சொல்லிக்கொண்டு வீடு வரை நடந்தான்.

வாசலில் சேறாகக் கிடந்த தரையில், ஒரு கார் அளவுக்குக் காய்ந்த இடம் இருந்தது. மழை அதை நனைக்க ஆரம்பித்திருந்தது.

"வண்டி எங்க?"

"உங்க மாமா எடுத்துனு போனாரு," என்றாள் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள். "உங்க அக்கா கொழந்தைக்குச் சுரம் ஏறிடிச்சி. அவங்க ஊரு கிளியனூரு டாக்டருகிட்ட காட்டிட்டு, காலையில பாலூத்த வந்துடுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லாருக்குதே கத! எழவு வூட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டா போவாங்க?"

"பிரேக் சரியில்லன்னு அவருகிட்ட சொன்னேன்!"

"தெருவுல ஓட்டிப் பாத்தாரே. நல்லாத்தான் புடிக்குதுன்னாரு. புள்ளைக்கு ஈரக்காத்து ஆவாது, கண்ணாடிய நல்லா ஏத்திக்கோங்கன்னு நாந்தான் சொல்லி அனுப்பிச்சேன்."

அலமாரியில் அண்ணனின் செல்போன் இருந்தது. பலராமன் பெயரைத் தேடி அழுத்தினான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது முறை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே சுப்ராயனின் டிவிஎஸ் ஃபிஃப்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

"டேய், கொள்ளி வெச்சவன் வெளிய போவக் கூடாதுடா!"

அந்த வண்டி எவ்வளவு முறுக்கினாலும் நாற்பதுக்குமேல் ஓடாது. மழித்த தலையில் மழை ஊசியாக இறங்கியது. பாத்திகள் எல்லாம் ஒரே வெள்ளமாகி, ரோடு எது உப்பளம் எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வாய்க்காலைப் பார்த்தான். குழந்தைக்கு இரண்டு வயது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட முயன்றான். அண்ணனின் உதடுதான் வந்து நின்றது.

உப்பளம் முடிகிற இடத்தில் கார் நின்றது. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி.

மொபெட்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்கதவை இழுத்தான். அக்காவின் தலை சீட்டில் சாய்ந்து கிடந்தது. மடியில் குழந்தை இலக்கியா. அவளைப் பிடுங்கி மழைக்குள் தூக்கினான். உடம்பு துணிபோலத் துவண்டது. உதடு சிவந்திருந்தது. சுரத்தினாலா என்று தெரியவில்லை. உள்ளங்காலில் அடித்தான். இன்னொரு அடி. அவள் முகத்தைச் சுளித்து, வாந்தி எடுத்து, அழுதாள்.

அசோகன் குழந்தையை விடாமல் சேற்றில் உட்கார்ந்தான்.

காருக்குப் பின்னால் குனிந்து நின்ற பலராமன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒரே கொமட்டலு மச்சான். தல சுத்துது. காலையிலேருந்து ஒண்ணும் துன்னல, அதான் போல. நீதானா போன் பண்ணது? உங்கண்ணன் பேருல போன் வருது. கையி காலு வெலவெலத்துப்போச்சி. எப்பிடி எடுப்பேன்?"

வினோதினி கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். நெற்றியை அழுத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். மழித்த தலை, சேறான புது வேட்டி.

"நீ ஏன்டா ஓடியாந்த?"

அவன் குழந்தையின் வாயை வேட்டி நுனியால் துடைத்தான்.

"எங்களுக்கு இப்பிடி ஆவும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

குழந்தையை அவளிடம் கொடுத்தான். முன்கதவைத் திறந்து ரப்பர் மேட்டைத் தூக்கினான். இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. அவள் குனிந்து அதன்மேல் கையை வைத்தாள். சூடான புகை உள்ளங்கையில் முட்டியிருக்க வேண்டும். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"அண்ணன் இந்த சீட்டுலதான உக்காந்திருந்திச்சி?"

"ஆமா."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"குளிப்பாட்டும்போது."

"காலையிலயே," என்றாள் வினோதினி.

பலராமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திண்டிவனம் பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்தது. பலராமன் கையைக் காட்டி நிறுத்தினார். சாவியை அசோகன் கையில் வைத்துவிட்டு, படியில் கால் வைத்ததும் பழக்கத்தில், "வர்றோம் மச்சான்," என்றார். வினோதினி முந்தானையால் குழந்தையின் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பவில்லை.

பஸ் போன பிறகு அசோகன் இன்ஜினை அணைத்தான். சேற்றில் முதுகைப் போட்டு வண்டிக்கு அடியில் நகர்ந்தான். கட்டுக்கம்பி அறுந்து தொங்கியது. மேலே தரை ஓட்டையும், திறந்த கதவும், அதன் வழியாக ஒரு துண்டு வானமும் தெரிந்தன. உள்ளே அடித்த மழை ஓட்டை வழியாகச் சொட்டி, சூட்டில் கிடந்த இணைப்பின்மேல் சொய், சொய் என்றது. குழாய் ஆறும்வரை அந்தச் சத்தம் இருந்தது. பிறகு வெறுமனே சொட்டியது.