செம்புக்கம்பிப் புளியமரம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொம்மை ரயில் கடையில் வாங்கியது. சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. பெட்டியைப் பிரித்து, தண்டவாளத்தில் வைத்து, சுவிட்சைத் தட்டினால் ஓடும். அதில் என் வீட்டுக்காரர் ஞானதுரையின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். ஆனால் அந்த ரயிலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற மரங்கள் அத்தனையும் நான் என் கையால் செய்தவை. மொத்தம் அறுபத்திரண்டு. தேனிக்குக் கண்காட்சிக்குப் போகிற வரைக்கும் ஒரே ஒரு ஆள்கூட "அனிதா மேரி, மரம் நல்லாருக்கு" என்று சொன்னதில்லை. ஊர் சொல்லாவிட்டால் போகட்டும். இவர் சொல்ல வேண்டாமா?

உத்தமபாளையத்தில் இவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன தோட்டத்து மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக்கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். அது போக மிச்சமுள்ள மூளை முழுக்க ரயில்தான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. தேனிக்கு வரும், போடிக்குப் போகும், எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அரசாங்கம் விடாவிட்டால் என்ன என்று இவரே இரண்டு பிளைவுட் பலகையில் தண்டவாளம் போட்டு, உத்தமபாளையத்துக்கு ஒரு ஸ்டேஷனும் கட்டிவிட்டார். பலகை இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கினால் ஒரு கட்டில் அளவுக்கு ஊர் தயார். கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம், கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவார்.

அங்கேதான் என் மரங்களுக்குச் சனி பிடித்தது. முதலில் வேப்பங்குச்சியில் செய்தேன். சின்னமனூர் தாண்டுவதற்குள் ஏழு வேகத்தடை. இறக்கிப் பார்த்தால் மேகமலையில் புயலடித்த மாதிரி எல்லாம் சாய்ந்து கிடந்தன. அடுத்த முறை காய்ந்த முருங்கைக்கீரையை மைதாப் பசையில் ஒட்டி, நல்ல அடர்த்தியாகச் செய்தேன். கோம்பையில் ஒரு திருவிழாவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இவர் வயர் கொடுக்கப் போனார், நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு வெள்ளாடு முன்னங்கால் இரண்டையும் ஸ்டேஷன் மேல் வைத்துக்கொண்டு காட்டை மேய்ந்துகொண்டிருக்கிறது. மூன்று மாத வேலை! தலையில் அடித்துக்கொண்டு நின்றேன். இவர் ஓடிவந்தார், ஆட்டை விரட்டினார், குனிந்து ஒரு சுற்று பார்த்தார்.

"நல்லவேள புள்ள, ரயிலுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆட்டையே இவர்மேல் ஏவி விட்டிருப்பேன். மரம் போனது ஒரு நஷ்டமாகவே தெரியவில்லை பாருங்கள் அந்த மனுசனுக்கு. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆடு தின்ன முடியாத, காற்று சாய்க்க முடியாத, யானை மிதித்தாலும் எழுந்து நிற்கிற மரம் செய்யவேண்டும். இவர் வாயாலேயே மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவேண்டும். வராமல் விடுவதில்லை.

கடையில் மூலையில் கிடந்த பழைய செம்புக்கம்பியைக் கேட்காமல் எடுத்துவந்தேன். முப்பது கம்பியைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். நுனியைப் பிரித்துப் பிரித்து முறுக்கினால் கிளை. காயிலை முக்குகிற வார்னிஷில் மரத்தூளைக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் அசல் பட்டை மாதிரியே வெடித்துக்கொண்டு நின்றது. இலைக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்; அதைத்தான் ஆடு தின்னாது. பிய்த்து, மறுபடி வார்னிஷில் முக்கி எடுத்து ஒட்டினேன். அடியில் பலகையைத் துளைத்து, போல்ட் போட்டு, நட்டை முடுக்கி, அதற்கு மேல் எம்சீல் பசையும் அப்பிவிட்டேன்.

நடுவதற்கு முன்னாலேயே சோதனை செய்திருந்தேன். ஒரு இலவமரத்தை மொட்டை மாடியிலிருந்து போட்டேன். ஒரு வாகையை இவருடைய பேன்ட் பாக்கெட்டில் வைத்து வாஷிங் மெஷினில் சுற்றவிட்டேன். பேன்ட் கிழிந்தது, வாகை சிரித்துக்கொண்டே வந்தது. கடைசியாகப் புளியமரம். அதுதான் இருப்பதிலேயே பெரியது, என் செல்லம். அதன்மேல் உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். அந்த விவரம் வேண்டாம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். கிளம்புகிற அன்று காலையில்தான் புளியமரத்தைத் தண்டவாளத்தின் ஓரமாக, பார்வையாக ஓர் இடம் பார்த்து நட்டேன். வண்டி, சுருளிவேல் ஓட்டுகிற லோடு ஆட்டோ. இவர் எஞ்சினைத் துணியில் சுற்றி, ஒரு டிபன் டப்பாவில் வைத்து மடியில் இடுக்கிக்கொண்டார். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிப் பிடித்ததில்லை.

சின்னமனூரில் டீ குடிக்க இறங்கினார்கள். டீக்கடைப் பெஞ்சில் டப்பாவைத் திறந்து எஞ்சினை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். உள்ளே எஞ்சின் கடகடவென்று ஆடியது. அடிபட்டுவிடப் போகிறதே என்று நல்ல எண்ணத்தில்தான் அதை எடுத்து என் கைப்பையில் துண்டுக்குள் வைத்தேன். வேதத்தின்மேல் ஆணையாக, நல்ல எண்ணம்தான். அப்புறம் மரங்கள் ஆடுகிறதா என்று பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்ததில் சுத்தமாக மறந்துபோனேன்.

மண்டபத்தில் பலகையை இறக்கினோம். ஒரு மரம், ஒரு இலை அசையவில்லை! நான் இவர் முகத்தையே பார்த்தேன். இவர் டப்பாவைத் திறந்தார். காலி.

"ஐயோ! சின்னமனூர்லயே விழுந்துருச்சு! ஏலே சுருளிவேலு, வண்டிய எடுறா!"

என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டுமே! போனைக்கூட மேசைமேல் விட்டுவிட்டு ஓடினார். ஆட்டோ கிளம்பி முக்கு திரும்பிய பிறகுதான் வேர்வை துடைக்கத் துண்டைத் தேடிக் கைப்பைக்குள் கை விட்டேன்.

கையில் எஞ்சின்.

எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கத்தான் போனேன். அப்போது ஒரு பெண் வந்து நின்றார். பொட்டிப்புரத்துக்காரர், தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர், பெயர் ராஜாத்தி என்று பிறகு சொன்னார். பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ரயிலு எங்கன தாயி?"

என்ன நினைத்தேனோ, எஞ்சினைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். "இப்பத்தான் போச்சுக்கா" என்றேன்.

"ஆமா, நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு, எப்பப் போச்சு" என்று கொஞ்சமும் சந்தேகப்படாமல் தலையாட்டினார். "அகலப்பாதை போடுறோம்னு தேனிக்கே பத்துப் பன்னெண்டு வருசம் வராமக் கெடந்துச்சு." பிறகு குனிந்தார். "ஆத்தாடி! இது இலவமரமுல்ல? இந்தா, வாகை. இது புளி! பட்டையெல்லாம் வெடிச்சிருக்கே! யாரு செஞ்சா?"

என் நெஞ்சு அப்படியே நிரம்பிவிட்டது. எதில் செய்தேன், எப்படி முறுக்கினேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பத்துப் பேரைக் கூப்பிட்டார். அவர்கள் இருபது பேரைக் கூப்பிட்டார்கள். "கெட்டியா இருக்குமா?" என்று ராஜாத்தி புளியமரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். மரம் வரவில்லை, பலகையே மேசையை விட்டு எழும்பியது. கூட்டம் கைதட்டியது. இன்னும் ஐந்து நிமிடம், அப்புறம் எஞ்சினை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. ரயில் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் இப்பத்தான் போச்சு என்றேன். ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை.

அப்போது இவர் வந்தார். வேட்டியில் முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீர். கையெல்லாம் டீத்தூள்.

"குப்பத்தொட்டியக் கொட்டிப் பாத்தேன். பெஞ்சுக்கு அடியில பாத்தேன். சாக்கடையிலயும் எறங்கிட்டேன். இல்ல புள்ள" என்றார். நாற்பத்தெட்டு வயது மனுசன், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீ, நானும் ஒரு பொம்பளையா என்று இருந்தது. பையைத் திறந்து எஞ்சினை நீட்டினேன்.

"எங்கன இருந்துச்சு?"

"என் பையிலதாங்க. நான்தான் எடுத்து வச்சேன், மறந்துட்டேன். நீங்க போனப்பறம் பாத்தேன். பாத்தும் வைக்கல. எல்லாரும் மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தாக, அதான்."

என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று நின்றேன். இவர் திட்டவில்லை. எஞ்சினை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தண்டவாளத்தில் வைத்து, சுவிட்சைத் தட்டினார்.

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் ரயில் பக்கம் திரும்பிவிட்டது. ராஜாத்திகூட! ரயில் ஸ்டேஷனைத் தாண்டியது, வளைந்தது, என் புளியமரத்தடிக்கு வந்தது. டக். தாழ்ந்திருந்த கிளை எஞ்சினின் நெற்றியைப் பிடித்து நிறுத்திவிட்டது. சக்கரம் அதே இடத்தில் கிர்ரென்று சுற்றியது. மரம் நட்டபோது ரயில் என்று ஒன்று அந்த வழியாக வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இவர் கிளையை வளைத்துப் பார்த்தார். வார்னிஷ் போட்ட செம்பு, வளையவில்லை. மரத்தைப் பிடுங்கிப் பார்த்தார். குனிந்து நட்டைக் கழற்றப் பார்த்தார், ஸ்பேனர்தான் வழுக்கியது. "இதென்ன என் கடக் கம்பியா?" என்று முணுமுணுத்துவிட்டு, பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். கிளையில் வைத்தார்.

ஒன்றரை மணி நேரம் அந்த மனுசனைச் சாக்கடையில் அலையவிட்ட நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வேன்?

"ஏ அய்யா, காய்க்கிற மரத்துல கை வைக்காதீக!" என்று கத்தினார் ராஜாத்தி.

இவர் கை நின்றது. புளியமரத்தைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார். அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு முறுக்காக, காயில் கட்டுகிறவன் இன்னொருவன் கட்டிய காயிலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிளேயரை மடக்கிப் பைக்குள் போட்டார். பிறகு ஸ்டேஷனைப் பெயர்த்தெடுத்துப் புளியமரத்தடியில் வைத்தார். எஞ்சினைப் பின்னுக்கு ஓட்டி, திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து, கிளைக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தினார்.

"ஏண்ணே, ரயிலு இதோட நின்னுருமா? சுத்தி வராதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"வராது. மரம் நகராது, ரயிலுதான் நிக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். "மரமா இது! எம்பொண்டாட்டி செஞ்சது. சும்மா பாத்துக்கிட்டு நிக்காதீக, இழுத்துப் பாருங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூடுகிற நேரத்துக்குள் ஐம்பது பேராவது இழுத்திருப்பார்கள். பலகைதான் விரிசல் விட்டது.