சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை

"எலும்பு வெளிய வந்துச்சாம்மா?" என்று எலும்பு டாக்டர் என்னிடம் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் பேச்சு என் தங்கையின் இலாகா. எட்டு வயது. அம்மா அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. கடையில் எனக்கு வேண்டியதையும் அவள்தான் கேட்பாள். நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று யாராவது விசாரித்தால், ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்புவாள். அன்றைக்கு வலி ஊசி போட்டதில் அவள் தூங்கிவிட்டாள். அம்மா தையல் ஆலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

எலும்பு வெளியே வந்திருந்தது. தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் மேல் கிடந்த பலகையில் தங்கை ஓடினாள், பலகை புரண்டுவிட்டது. நான் இறங்கிப் பார்த்தபோது முன்கை நடுவில் மடங்கி, வெள்ளையாக ஒரு முனை தோலைக் கிழித்து ஈர மண்ணில் குத்தியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். முனை மண்ணோடு உள்ளே போய்விட்டது. சட்டைப் பொத்தான் அளவில் ஓர் ஓட்டைதான் மிச்சம். துடைத்துத் துணியால் கட்டினேன்.

ஆமாம் என்றால் யார் இழுத்தது, எதற்கு இழுத்தாய் என்று கேள்வி வளர்ந்துகொண்டே போகும். இல்லை என்றால் ஒன்றோடு முடிந்துவிடும். எனக்கு அது பழகிப்போன வழி.

டாக்டர் ஓட்டையைக் கழுவி, எலும்பைச் சேர்த்து, மாவுக்கட்டுப் போட்டார்.

முதல் நாள் ரேடியோ நன்றாகவே பாடியது. இந்தக் கையால் ஒருத்தரை அடித்தால் மாவு உடையுமா, அவர் மண்டை உடையுமா என்று நர்ஸக்காவிடம் கேட்டாள். மறுநாள் மதியம் பேச்சு நின்றுவிட்டது. விரல்கள் வீங்கி நீலம் பாரித்தன. கட்டிலருகே ஒரு நாற்றம். மாவு வாடையாக இருக்கும் என்றாள் அம்மா. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

டாக்டர் வந்து விரல்களை அசைக்கச் சொன்னார். கட்டைவிரல் மட்டும் அசைந்தது. மாவுக்கட்டை வெட்டிப் பிரித்துத் தோலை அழுத்தினார். உள்ளே காற்று அடைத்ததுபோல் நறநறவென்றது. இவ்வளவு சின்ன ஓட்டைக்கு இந்த அழுகல் வரக் கூடாதே என்று முணுமுணுத்தார்.

"வந்துச்சு," என்றேன்.

"என்ன வந்துச்சு?"

"எலும்பு. மண்ணுல குத்திருந்துச்சு. நான்தான் இழுத்து உள்ள தள்ளிட்டேன்."

அவர் திட்டவில்லை. ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். அப்புறம் அம்மாவிடம் திரும்பி, தெரிந்திருந்தால் அன்றைக்கே திறந்து கழுவியிருப்போம் என்றார். அம்மா என்னைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். தங்கை கண்ணைத் திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

மூன்று மணி நேரம் ஆனது. பாட்டில் பாட்டிலாக உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, எலும்புகளை வெளிக்கம்பியால் நிறுத்தியிருந்தார்கள். காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தார்கள்.

"இப்போதைக்குக் கை இருக்கு," என்றார் டாக்டர். "நாளைக்குத் திரும்பத் திறந்து பாப்போம். அழுகல் மேல ஏறியிருந்தா கையை எடுக்கறதைத் தவிர வழியில்ல."

மறுநாள் காலையில் தள்ளுகட்டில் வந்தது. தியேட்டர் கதவுவரை கூடவே நடந்தேன். குனிந்து அவள் காதருகே, "டாக்டர் கேட்டப்ப பயந்துட்டேன்டி," என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவு திறந்தது. தள்ளுகட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.