வள்ளியம்மா கட்டிய முதல் சேலை

"இந்த டிசைனை இதுக்கு முன்னாடி வெளியாளுங்க யாராவது பார்த்திருக்காங்களாம்மா?"

வக்கீல் சந்திரா என்னிடம்தான் கேட்டார். பாவா முந்திக்கொண்டார். "ஒருத்தரும் பாக்கல மேடம். ஒரு பீஸ்கூட விக்கல."

கதிரவன் பாவா என் அக்கா புருஷன். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கிறார். பத்தாவதோடு படிப்பை விட்ட நான் கட்டத் தாளில் பூக்காவடிகள் மலையேறுவதுபோல ஒரு பார்டர் வரைந்தேன். அவர் அதைத் தறியில் ஏற்றினார். இப்போது அடுத்த தெருக்காரர் அதே பார்டரை ஓட்டுகிறார். டிசைனைப் பதிவு செய்து அவரைத் தடுக்கத்தான் நெய்த சேலை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறித் திருத்தணி வந்திருந்தோம்.

பாவா பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் புது டிசைனில் முதல் சேலையை விற்க மாட்டோம். அது திருத்தணி மலைமேல் முருகன் கோயிலுக்குப் போகும். ஆடிக் கிருத்திகைக்கு முருகன் பக்கத்தில் வள்ளியம்மா அதைத்தான் கட்டியிருந்தாள். சாமிக்குக் கொடுத்ததை யாரும் வெளியில் காட்டியதாக நினைப்பதில்லை.

ஆனாலும் நான் சொன்னேன். "வள்ளியம்மாவுக்குச் சாத்தினோம் மேடம். கூட்டத்துல நிறைய பேரு செல்லுல படம் எடுத்தாங்க."

சந்திரா பேனாவை மூடினார். "அப்போ பதிவு பண்ண முடியாது. ஊரே பார்த்துட்டா சட்டத்துக்கு அது புதுசு இல்ல."

"சாமி பாத்தா குத்தமா மேடம்?" என்றார் பாவா.

"சாமி பார்த்தது பரவாயில்லைங்க. சாமியைப் பார்க்க வந்தவங்க பார்த்ததுதான் பிரச்சனை."

பாவா என் பக்கம் திரும்பினார். "வாயே தொறக்காதவ. இன்னிக்குன்னு பாத்து தொறந்துகினா."

"திட்டாதீங்க. மறைச்சுப் பதிவு பண்ணியிருந்தா, அந்த ஆளே போட்டோவைக் காட்டி ரத்து பண்ண வச்சிருப்பாரு. சரி, தாள்ல வரைஞ்ச படம் இருக்கா?"

பாவா சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"யார் வரைஞ்சது?"

"நம்ம வீட்டுதுதான் மேடம்."

"வீடு வரையாதுங்க."

வகுப்பில் செய்வதுபோல நான் கையைத் தூக்கினேன்.

"வரைஞ்ச அன்னிக்கே இந்தப் படத்தோட உரிமை உனக்கு வந்துடுச்சும்மா. அதுக்குப் பதிவு தேவையில்ல. அதை வச்சு அந்த ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். ஆனா டிசைன் பதிவு இல்லாம, உன் சம்மதத்தோட ஐம்பது சேலைக்கு மேல தறியில இறங்கிட்டா, அந்த உரிமையும் போயிடும். இதுவரைக்கும் எவ்வளவு?"

"நாப்பது இருக்கும்" என்றார் பாவா. "தீபாவளிக்கு முந்நூறு தரேன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேனே மேடம்!"

"என்னைக் கேட்காதீங்க. அவளைக் கேளுங்க."

"முடிச்சியா?" என்று பாவா பல தடவை கேட்டிருக்கிறார். "நெய்யட்டுமா?" என்று கேட்டதே இல்லை.

"இன்னா சொல்ற துர்கா?"

"ஐம்பதோட நிறுத்திக்கலாம் பாவா. வேற வரைஞ்சு தரேன். அதை மொதல்ல பதிவு பண்ணிட்டு, அப்புறம் மலைக்கு எடுத்துகினு போலாம்."

மின்விசிறி காற்றில் தாள் படபடத்தது. பாவா அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் காவடிகளையே பார்த்தார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்தார். சட்டைப் பைவரை போன கை நின்றது.

தாளை என் மடியில் வைத்துவிட்டு, சேலைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.