முந்திரிக்காட்டிலிருந்து வந்த அறை

ஆலங்குடிக்குத் தெற்கே முந்திரிக்காட்டில் ஆத்மநாதன் கட்டிய அறை நாளுக்கு ஓர் அடி வீதம் ஊரை நோக்கி நகர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. காட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் கால் மைல் தூரம்.

துபாயில் கம்பி கட்டும் வேலையில் இருந்த இருபத்தாறு வருடமும் அவர் அந்த அறையை வரைந்துகொண்டிருந்தார். அங்கே ஓர் அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். மனைவியோடு போனில் பேசினால் மற்ற ஏழு பேரும் கேட்பார்கள் என்பதால் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. அவர் வரைந்தது பத்துக்கு எட்டு அடி, ஒரு ஜன்னல், ஒரே ஆள் படுக்கிற கட்டில், வேறு யாரும் வராத இடம். பாவம், இந்த ஆசையில் என்ன தப்பு? ஆனால் அவர் மனைவி திலகவதி அதே இருபத்தாறு வருடம் நான்கு அறை வீட்டில் தனியாக இருந்தார் என்பது அந்தப் படத்தில் எங்கும் வரவில்லை.

கஜா புயலுக்கு மறுவருடம் ஊர் திரும்பியதுமே வேலையைத் தொடங்கினார். சுவருக்குச் செம்புறாங்கல், கதவுக்குப் புயலில் விழுந்த பலா. வாசல் நிலை வைக்கும் நாளில் கொத்தனார் இருளாண்டி மஞ்சளைக் குழைத்துவிட்டுத் தயங்கினார். "அக்காவயும் கூட்டியாங்கண்ணே. நிலைக்கு ரெண்டு பேரு கையும் படணும்ல," என்றார். இது வீடா என்ன, ஓர் அறைதானே என்று ஆத்மநாதன் தானே மஞ்சளைத் தடவி, பொட்டு வைத்து, போட்டோ எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திலகவதி படத்தைப் பார்த்தார், போனைக் கவிழ்த்து வைத்தார்.

கட்டி முடித்த பத்தாம் நாள் ஜன்னலுக்கு வெளியே வேறு மரம் நின்றது. இருளாண்டி வந்து அஸ்திவாரத்தைச் சோதித்தார். ஒரு விரிசலும் இல்லை. சர்வேயர் இரண்டு முறை அளந்துவிட்டு, இனி வருடத்துக்கு ஒருதரம் பார்த்தால் போதும் என்றார். முந்திரி மரங்கள் ஒதுங்கி வழிவிட்டன. மின்வாரிய ஆட்கள் வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டுப் போனார்கள். முதல் வருடம் ஆத்மநாதன் சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் வருடம் அதையும் விட்டுவிட்டார். மூன்றாம் வருடம் ஜன்னலில் சொந்த வீட்டுக் கொடியில் காயும் சேலைகள் தெரிந்தபோது, வாழ்நாளில் கேட்ட ஒரே இடமும் கைவிட்டுப் போகிறதே என்று அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். நீ ஏதாவது வேண்டிக்கொண்டாயா என்று மனைவியிடம் கேட்டார்.

"நான் கூப்பிடலைங்க," என்றார் திலகவதி. "கூப்பிட்டு வராம போனா என்ன செய்யிறதுன்னு, நீங்க போன நாள்லேருந்து நான் யாரையும் கூப்பிடுறதில்ல."

ஐந்தாம் வருடம் ஆவணியில் அறை கொல்லைப்புறத்துக்கு வந்து, அடுப்படிக் கதவுக்கு எதிரே நான்கடி விட்டு நின்றது. ஆத்மநாதன் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இனி யார் வேண்டுமானாலும் நுழையலாம், எல்லாம் போயிற்று என்று நினைத்தார். வெளியே காலடி கேட்டது. தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறந்துவிடும். திலகவதி தள்ளவில்லை. கதவைத் தட்டினார்.

"உள்ள வரலாங்களா? இல்ல, பெறகு வாரேன்."

ஆத்மநாதனுக்காக அதுவரை யாரும் ஒரு கதவைத் தட்டியதில்லை. திலகவதி வெளியே காத்திருந்தார். பிறகு ஆத்மநாதன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, "வா" என்றார்.

அதற்குப் பிறகு அறை நகரவில்லை. ஊராட்சி ஆள் வந்து கதவு எண் எழுதிவிட்டுப் போனார். சில நாள் திலகவதி தட்டும்போது "பெறகு வா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். திலகவதி போய்விட்டுப் பிறகு வருகிறார்.