சங்கம் எண்ணாத கைகள்

அன்று செயலாளர் அம்மாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளெல்லாம் வந்து சேரும் அந்தச் சலவை ஆலையில், பல வருஷமாகத் தொழிலாளர் சங்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். இப்போது சங்கத்தில் ஓட்டுப் போடும் வயதைப் பதினெட்டிலிருந்து பதினாறாக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். பெரியவர்களில் சிலரைத் தூண்டிவிட்டு அதைக் கொண்டுவர வைத்தது வேறு யாருமில்லை, அவள் பெற்ற மகள். வயது பதினேழு, இஸ்திரி உருளையில் வேலை. சந்தா மட்டும் பிடிக்கிறீர்கள், ஓட்டு கிடையாதா என்று கேட்கிறாளாம். வளர்த்த கடா மார்பில் பாய்கிறது, வேறென்ன!

பொடிசுகளுக்கு ஓட்டுக் கிடைத்தால் அடுத்த தேர்தலில் தன் பதவி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல முடியுமா?

“மூக்கைத் துடைக்கத் தெரியல, ஓட்டுக் கேக்குதுங்க!” என்று முற்றத்தில் கூடியிருந்தவர்களிடம் கத்தினாள். ஓட்டில்லாத சின்னவர்கள் வழக்கம்போல உள்ளே இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கை தூக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் சரிசமம். அப்படியானால் செயலாளர் கைதான் முடிவு. அவள் யோசிக்கவே இல்லை. தீர்மானம் தோற்றது.

சேதி அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. அவள் நுழைந்ததும் மகள் உருளைக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினாள். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. யார் கையைத் தூக்கினாலும் ஆபத்து என்று பொருள், இயந்திரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். ஒவ்வொருவராக எல்லாச் சின்னவர்களும் கையைத் தூக்கினார்கள். ஆலை அடங்கிவிட்டது.

“கையை இறக்குங்க, சனியன்களா!”

“வெளியில எண்ணினியே, இதையும் எண்ணும்மா” என்றாள் மகள்.

“பெத்தவளை எதிர்த்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“உனக்கு இருந்தா எனக்கும் இருக்கும்.”

மேலாளர் ஓடிவந்தார். “என்னம்மா இது? சங்கம் சொல்லித்தான் நிறுத்தினாங்களா?”

சங்கத்து ஆள்மீது கைவைக்க அவருக்குத் துணிச்சல் கிடையாது. கைவைத்தால் மறுநாள் ஆலை ஓடாது என்று நடத்திக் காட்டியவளே இவள்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

“சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். ஓட்டுகூட இல்லாத சின்னதுங்க. அதுங்களாவே ஆடுதுங்க.”

“அப்படியா? அது போதும்.” மேலாளர் நேரே மகளிடம் போனார். “முதல்ல கை தூக்கினது நீதானே? கையுறையைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு. நாளையிலேர்ந்து வரவேண்டாம்.”

செயலாளர் குறுக்கே ஓடினாள். “சார், அது என் பொண்ணு…”

“தெரியும்மா. அதான் உங்களைக் கேட்டுட்டுச் செய்றேன்.”