காபி டப்பா

எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றினேன். 'காபி' என்று எழுதியிருந்த டப்பாவைத் திறந்து, பார்க்காமலே ஒரு கரண்டி அள்ளிப் போட்டேன். ஒரு வாய் குடித்ததும் கொட்டிவிட்டேன். உப்பு. அதில் இருப்பது உப்பு என்று எனக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் கை டப்பாவின் எழுத்தைத்தான் நம்புகிறது. வேறு பால் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் வேலை பார்ப்பது கணினி விளையாட்டு தயாரிக்கும் இடத்தில். எங்கள் விளையாட்டில் பலர் ஒரு பனித்தீவில் வெறுங்கையோடு கரை ஒதுங்குவார்கள். கிடைப்பதை வைத்துப் பிழைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் இரவே குளிரில் செத்துப்போகிறார்கள். அதோடு சரி, இந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. செத்தவர்களின் பையைத் திறந்து பார்த்தால் தீக்கல்லோ காய்ந்த பாசியோ இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நெருப்பு. இதை வாசலிலேயே சொல்லித்தான் அனுப்புகிறோம். எல்லாப் பொருளைப் பற்றியும், பக்கம் பக்கமாக. எல்லோரும் 'சரி', 'சரி' என்று அழுத்திக்கொண்டே போகிறார்கள்.

புதிய வடிவத்தில் அந்தப் பக்கங்களை நான் எடுத்துவிட்டேன். அதில் முன்கூட்டி எதுவும் சொல்வதில்லை. உங்கள் பக்கத்தில் யாராவது ஒரு பொருளைப் பயன்படுத்தினால், அதோடு சேரக்கூடியது உங்கள் பையில் ஒளிரும். பெயரும் தெரியும். இன்று சோதனை. தேறாவிட்டால் பழைய பக்கங்கள் திரும்பிவிடும், என் வேலை குப்பைக்குப் போகும்.

சோதனைக்கு வர வேண்டிய பெண் வரவில்லை. விளையாட்டே தெரியாத ஆள் வேண்டும். மனைவியின் தங்கையைக் கூப்பிட்டேன்.

"மாமா, எனக்கு போன்ல சீட்டாட்டமே வராது."

"அதனாலதான் கூப்பிட்டேன்."

அவளைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார வைத்தோம். மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"சொந்தக்காரங்கன்னு பாக்காதீங்க. உள்ள அவங்க செத்தாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. திறந்தா சோதனை செல்லாது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "கல்லு. இன்னொரு கல்லு. ஏதோ குப்பை மாதிரி இருக்கு. பை நிறைஞ்சிடுச்சாமே? கல்லச் சுமந்துக்கிட்டு யாரு திரியறது?" தீக்கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"போச்சு" என்றார் மேலாளர்.

தீவில் பொழுது சாய்ந்தது. அவள் திரையின் ஓரங்களில் நீலம் படர்ந்தது. குளிர் ஏறுகிறது என்று அர்த்தம். "கை நடுங்குதே. நான் என்ன பண்ணணும்?" என்றாள். என் விரல் தானாகப் பேசும் பொத்தானுக்குப் போனது. மேலாளர் அதன்மேல் தன் கையை வைத்து மூடினார். நீலம் பாதித் திரைக்கு வந்துவிட்டது.

அடுத்த அறையில் சோதனைக்கு விளையாடிக்கொண்டிருந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். தீவில் அவருடைய ஆள் இருட்டில் தடவிக்கொண்டு இவள் பக்கம் வந்தான்.

"யாரும்மா அது? லைட் போடாம நடுரோட்டுல நிக்கிறது?"

"அண்ணே, குளிருதுண்ணே."

"எனக்கு மட்டும் வேர்க்குதா? இரு, எதையாச்சும் தட்டிப் பாப்போம்."

அவள் போட்ட கல்லை எடுத்து மரத்தில் தட்டினார். பனியில் தட்டினார்.

"அண்ணே, அது என் தலை!"

"கொஞ்சம் மெத்துனுதான் இருந்துச்சு." பாறையில் தட்டினார். பொறி பறந்தது.

"ஐயோ! என் பையில இருந்த குப்பை மின்னுதே! பாசியாம். பொறி பட்டாப் புடிக்குமாம். அண்ணே, தட்டுங்க, தட்டுங்க, நிறுத்தாதீங்க!"

நெருப்பு பிடித்தது. நீலம் மெல்ல விலகியது. மேலாளர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "இதையே வெச்சுக்கலாம்" என்றார். "எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"சமையல்கட்டுல."

நடைபாதையில் மச்சினி என் முகத்தைப் பார்த்தாள். "காலையில சாப்பிட்டீங்களா மாமா?"

"காபியில உப்பு."

சிரித்துவிட்டாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அக்கா சொல்லலியா?"

"சொன்னா."

"எப்போ?"

நான் வாசலை நோக்கி நடந்தேன். அவளே தொடர்ந்தாள். "அக்கா கடைசியா 'எங்க அம்மாவப் பாத்துக்கோ'ன்னு உங்ககிட்ட சொன்னாளாம். வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா அதையேதான் சொல்லிட்டிருக்காங்க."

அப்படிச் சொல்லவில்லை. சின்ன ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி லிஃப்டுக்காகக் காத்து நின்றது. மனைவி படுத்தபடியே வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாற்றுச் சாவி எங்கே, தண்ணீர் மோட்டாரை எப்போது நிறுத்துவது, எந்த அடுப்பு சரியாகப் பற்றாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். லிஃப்ட் கதவு திறந்தது.

"உப்பு டப்பா மூடி உடைஞ்சிடுச்சு, காபி டப்பாவுல கொட்டி வெச்சிருக்கேன். சும்மா தலையாட்டாத, நீ மறந்துடுவ."