அண்ணி ரூம் லைட்

தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் ராவுகிறவள். மத்தியான வேளையில் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, அக்காள் செருப்புகூடப் போடாமல் கடைக்குள் ஓடிவந்தாள். கல்லாவில் இருந்த முதலாளி யாரோ என்னமோ என்று பதறி எழுந்தேவிட்டார். அக்காளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"வீடு என்கிட்ட பேசுதுடி."

"என்னக்கா சொல்ற?"

"சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. தங்கச்சி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்குதான்னு கேட்டுச்சு. ரூமுக்குள்ள ஓடினேன், ரூம்ல லைட் எரிஞ்சு எரிஞ்சு அணையுது."

அந்த வீடு பேசுவது புதிதில்லை. தங்கையின் கணவன் வெளியே லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்துவிட்டால் சுவிட்சைக் கையால் தொடுவதையே கேவலமாக நினைக்கிறவன். செருப்பு அலமாரிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிற ஒரு மென்பொருளை அதில் ஓடவிட்டு, விளக்கு, அழைப்பு மணி, வாசல் கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டியிருந்தான். வெளியில் இருந்தபடியே போனில் எதையாவது எழுதி அனுப்பினால் கூடத்தில் ஒரு பெண் குரல் அதைப் படிக்கும். "துணி காய்ந்துவிட்டது, எடுக்கவும்" என்று அது சொல்லும்போதெல்லாம், எடுக்கிறது யாராம் என்று தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும். போகட்டும், மனுஷனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, இது ஒன்றுதானே என்று விட்டுவைத்திருந்தாள்.

இந்தப் பைத்தியத்தை அவனுக்கு ஏற்றிவிட்டதே சகலைதான். சகலை என்றால் அக்காளின் புருஷன். பெண்டாட்டி கையை முறிக்கிற அளவுக்குக் கோபக்காரன், ஆனால் கம்பிகளிடம் மகா பொறுமைசாலி. கையில் கட்டோடு இங்கே வந்த அக்காள் கட்டுப் பிரித்து இப்போதுதான் கரண்டி பிடிக்கிறாள். அவன் போன் போட்டுக் கேட்டபோது, "இங்க வரலையே மாமா, எங்களுக்கும் கவலையாத்தான் இருக்கு" என்று தங்கை கூசாமல் பொய் சொன்னாள். அவளுக்கு அதில் பெருமைகூட உண்டு. அந்த ஒரு பொய்யின் மறைவில்தான் அக்காள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது வீடு வாயை மூடிக்கொண்டு சாதுவாக இருந்தது. அக்காள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தங்கை கணவனை வரச்சொன்னாள். வந்தவன் முதலில், அண்ணி அண்ணி என்று அவன் கூப்பிடுகிற அக்காளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருக்கலாம். நேராக மடிக்கணினியைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் ஒரு களை வந்தது. லிஃப்ட் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும்போது வருகிற களை.

"இங்க பாரேன்! வெளியில இருந்து யாரோ உள்ள வந்திருக்கான். பூட்டை உடைக்கல. நம்ம சாவியை வெச்சே வந்திருக்கான்."

"நம்ம சாவி அவனுக்கு எப்படிங்க கிடைச்சுது?"

களை இறங்கியது. மென்று விழுங்கினான். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

போன வாரம் மென்பொருளுக்குப் புது அப்டேட் போட்டிருக்கிறான். போட்டதும் அழைப்பு மணி செத்துவிட்டது. போனில் இருக்கிற ஆர்வலர் குழுவில் கேட்டிருக்கிறான். அந்தக் குழுவில் ஒரு சட்டம்: லாக் போடாத கேள்விக்குப் பதில் கிடையாது. லாக் என்றால், அந்த மென்பொருள் தான் செய்வதையெல்லாம் வரி வரியாகத் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்கிற குறிப்பு. முழுசாகப் போடு, பாதி போட்டால் பார்க்க மாட்டோம் என்று குழுவின் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இவனும் முழுசாகப் போட்டான். மணி சரியாகிவிட்டது. குழுவுக்கு ஒரு கும்பிடும் போட்டிருக்கிறான்.

தங்கை அந்தப் பதிவை வாங்கிப் படித்தாள். மேலே வைஃபை பாஸ்வேர்டை அக்கறையாகக் கறுப்படித்திருந்தான். அதற்கு நாலு வரி கீழே, வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிற முகவரியும் அதன் வாலிலேயே சாவியும் துணி இல்லாமல் நின்றன. அதையாவது அவளுக்கு அவன் விளக்க வேண்டியிருந்தது. மற்றதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அண்ணி ரூம் லைட், போட்டது. அண்ணி ரூம் லைட், அணைத்தது. வாசல் கதவு, திறந்தது. வீட்டில் ஆள், ஒருவர். அக்காள் எப்போது எழுந்தாள், எப்போது தனியாக இருந்தாள், எத்தனை தடவை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், எல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தது.

தங்கை அதை இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகுதான் கோபம் வந்தது, வந்ததும் சும்மா வரவில்லை.

"ஏங்க, அண்ணின்னு பேரு வெச்சு ஊருக்கே தண்டோரா போட்டிருக்கீங்களே, அக்காவை அடிச்ச அந்த ஆளு இந்தக் குரூப்புல இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"இருந்தாரு. ரொம்ப நாளா சத்தமே இல்ல. நாலாயிரம் பேர் இருக்கிற குரூப்பும்மா, யாரு இதை உக்காந்து படிக்கப் போறா?"

"நாலாயிரம் பேரா படிக்கணும்? ஒருத்தன் படிச்சா போதாதா? என் வாயால இல்லைன்னு பொய் சொல்லிட்டு நான் இங்க காவல் காக்கிறேன். நீங்க ஒரு மணி அடிக்கலைன்னு அவளைக் கொண்டுபோய் அவன் கையில குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

அதோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். குழுவில் இன்னொரு கேள்வி எழுதினான்: வீட்டுக்குள் ஆள் வந்துவிட்டான், என்ன செய்வது? மளமளவென்று பதில் வந்தது. படிக்காமல் போட்டது உங்கள் தப்பு என்றான் ஒருவன். சாவியை உடனே மாற்று என்றான் இன்னொருவன், அவன் ஒருவன்தான் உருப்படியாகச் சொன்னான். புது லாக் போட்டால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றான் மூன்றாமவன்.

தங்கை போனைப் பிடுங்கி அவளே எழுதினாள். "முழுசா போடலைன்னா பதில் இல்லைன்னு ஒட்டி வெச்சீங்களே, போடுறதுக்கு முன்னாடி எதை அழிக்கணும்னு அதுக்குப் பக்கத்துல ஒரு வரி ஒட்டுனா உங்க குடி முழுகிடுமா? இங்க ஒரு பொம்பளை வாசல்ல நிக்கிறா." கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிவு காணாமல் போனது. தொழில்நுட்பத்துக்குத் தொடர்பில்லாதது என்று காரணம் போட்டிருந்தார்கள். தொடர்பில்லையாம்! போனைச் சுவரில் அடிக்காமல் விட்டதே பெரிய காரியம்.

அதற்குள் கணவன் எல்லா சாவியையும் மாற்றியிருந்தான். வெளிவழியை அடைத்திருந்தான். "இனிமே ஈ எறும்புகூட உள்ள வராது, நான் கேரண்டி" என்றான். தங்கை செருப்பு அலமாரியைத் திறந்து அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை ஒயரோடு பிடுங்கித் தரையில் போட்டாள். அவனுக்கும் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

திரும்பினால் அக்காள் உள்ளே வந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சரியாகிவந்த கையால் ஜிப்பை இழுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டாச்சு. வா, ஸ்டேஷனுக்குப் போய் புகார் குடுப்போம்."

"குடுக்கலாம். குடுத்துட்டு வந்து எங்கடி தூங்கறது? நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சே, அதை எந்த ஒயரைப் பிடுங்கி அழிப்ப?"

ஜிப்பைத் தங்கைதான் இழுத்து மூடிக் கொடுத்தாள். கணவன் கூடத்தில் எழுந்து நின்று, "அண்ணி, நான் வண்டியில கொண்டு விடறேன்" என்றான். வேண்டாம் என்று அக்காள் தலையை ஆட்டினாள். கோபமாகக்கூட ஆட்டவில்லை.

தெருமுனை வரைக்கும் தங்கை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆட்டோ வந்து நின்றது.

"எங்க போறன்னு என்கிட்டயாவது சொல்லுக்கா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அக்காள் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ சொல்ல மாட்ட. ஆனா உனக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா நாலாயிரம் பேருக்குத் தெரியும்."

தங்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பையை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு, அக்காள் டிரைவரிடம் இடத்தைச் சொல்வது தன் காதில் விழாத தூரத்துக்கு அவளே விலகிப் போய் நின்றாள்.